வாளிக்கு ஒரு பரீட்சை

மும்பை ஆண்டாப் ஹில் குழாயடிக்குத் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு ஓடுவது வாளி அல்ல, 'பால்ட்டி'. போர்ச்சுகீசியரின் 'பால்டே' இந்திக்குள் எடுத்த கோலம் அது. அதே சொல் இலங்கையில் கரையேறிச் சிங்களத்தில் 'பால்திய' ஆயிற்று. கொழும்பில் தமிழருக்கு எதிரான கலவரங்களில் வழிப்போக்கரை நிறுத்தி, வாளியைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார்கள். முதல் எழுத்தைப் 'பல்'லில் வரும் 'ப' போலச் சொன்னவர் தமிழர் என்று பிடிபட்டுவிடுவார். விவிலியத்தின் நியாயாதிபதிகள் நூலில் 'ஷிபோலேத்' என்ற சொல்லைச் சரியாக உச்சரிக்க வராமல் 42,000 பேர் மாண்டதாக வருகிறது. பழைய தந்திரம்தான்.

இந்த வாளியை மேடையேற்றியவர் எர்னஸ்ட் தளையசிங்கம் மக்கின்டயர். ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயரும் தமிழ்ப் பெயரும் ஒட்டி நிற்கிற அந்தப் பெயரே பாதி நாடகம். கொழும்பில் ஆங்கில நாடகங்கள் எழுதி இயக்கியவர், 1970களில் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். புலம்பெயர்ந்த இலங்கைக் குடும்பத்தின் இரண்டுங்கெட்டான் நிலையை 'லெட்ஸ் கிவ் தெம் கறி'யில் வேடிக்கையாகச் சொன்னவர், 1990இல் வந்த 'ராசநாயகம்ஸ் லாஸ்ட் ரயட்'டில் 1983 ஜூலைக் கலவரத்துக்குத் திரும்பினார். நாடகத்தில் ஒவ்வொரு கலவரத்தின்போதும் ராசநாயகம் என்ற தமிழர் ஒதுங்குவது, பேராதனைப் பல்கலைக்கழக நாட்களிலிருந்து நண்பரான சிங்களர் பிலிப்பின் வீட்டில். 'பால்திய'வைப் பிசகாமல் சொல்லப் பிலிப்தான் பழக்கிவிடுகிறார்.

ஓர் எழுத்துக்கு எதற்கு இவ்வளவு பயிற்சி? குரல்வளையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு 'பம்பரம்' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதல் 'ப'வில் உதடு பிரிந்த பிறகுதான் தொண்டை அதிர்கிறது. இரண்டாவதில் உதடு மூடியிருக்கும்போதே அதிர்வு ஓடிக்கொண்டிருக்கிறது, முன்னால் நிற்கும் 'ம்' கொடுத்த அதிர்வு. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. 'தம்பி' என்று கூப்பிடும் எவருக்கும் 'பால்ட்டி'யின் முதல் ஒலி வாயில் தயாராக இருக்கிறது. அதைச் சொல்லின் தொடக்கத்தில் வைத்துத்தான் நமக்குப் பழக்கமில்லை.

உதடு திறப்பதற்கும் தொண்டை அதிர்வதற்கும் உள்ள இடைவெளி மில்லிநொடிக் கணக்குதான். லீ லிஸ்கரும் ஆர்தர் ஆப்ராம்சனும் 1964இல் 11 மொழிகளில் அதை அளந்து வெளியிட்டார்கள். தமிழும் இந்தியும் மராத்தியும் அந்தப் பட்டியலில் உண்டு. இந்தியில் கணம், பழம், பலம் மூன்றுக்கும் மூன்று வேறு தொடக்க ஒலிகள். நம் எழுத்தில் எழுதினால் மூன்றுமே 'பல்'!

வாயைவிடக் காதுதான் பிடிவாதக்காரி. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் காட்டியது இது: ஆங்கிலம் கேட்டு வளரும் குழந்தைகள் 6 முதல் 8 மாதம் வரை இந்தியின் 'த', 'ட' ஒலிகளைப் பிரித்துக் கேட்கிறார்கள். ஒரு வயதை எட்டுவதற்குள் பெரும்பாலோருக்கு அந்தத் திறன் மங்கிவிடுகிறது. வீட்டில் உதவாத வேறுபாட்டைக் காது ஓரங்கட்டிவிடுகிறது. தொட்டிலுக்கு வெளியே இந்தியும் மராத்தியும் இரைகிற ஆண்டாப் ஹில் குழந்தைக்கு அப்படி ஓரங்கட்ட வழியில்லை. அதே வீட்டில், திருநெல்வேலியிலிருந்து வந்த பாட்டி 'பால்ட்டி'யைப் பால்போலச் சொல்ல, பேரன் சிரிப்பான்.

ஆனாலும் மங்கியது அழிந்துவிடுவதில்லை. பெரியவர்களும் பயிற்சியால் ஓரளவு மீட்டுவிடலாம். அதனால்தான் பிலிப்பின் பாடம் பலித்தது, ராசநாயகம் பல கலவரங்களைத் தாண்டினார். 1983இல் அவருக்கு அந்தச் சொல் நன்றாகவே வரும். கேட்டபோது சொல்ல மறுத்துவிட்டார்.