கிருமிப்பரவல் காலத்தில் பல்வலி வந்தால்... எது அவசரம்? எது காத்திருக்கலாம்?

"பல்வலிதானே... எல்லாம் சரியானதும் பார்த்துக்கலாம்!"

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை, கோவிட்-19 கிருமிப்பரவலை முறியடிக்கும் திட்டம் சிங்கப்பூரில் நடப்பில் இருந்தபோது பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். பல்லைச் சுத்தம் செய்வது, வெண்மையாக்குவது போன்ற சிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. ஆனால் அவசரப் பல் சிகிச்சை நிற்கவில்லை.

ஏன் அந்தக் கட்டுப்பாடு?

பல் மருத்துவர் சிகிச்சை அளிக்கும்போது நோயாளி முகக்கவசம் அணிய முடியாது. பல்லைக் குடையும் கருவி தண்ணீரைப் பீய்ச்சியபடி சுழலும். அந்தத் தண்ணீர் எச்சிலோடு கலந்து நுண்துளிகளாகக் காற்றில் பரவும். அதனால்தான் அப்போது மருத்துவர்கள் N95 முகக்கவசமும் முகத்தடுப்பும் அணிந்தார்கள். எச்சில் தெறிக்காமல் இருக்கப் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பைப் பொருத்துகிறார்கள்; உறிஞ்சு குழாயையும் பயன்படுத்துகிறார்கள்.

எவை அவசரம்?

• நிற்காத ரத்தக்கசிவு
• முகத்தில் அல்லது தாடையில் வீக்கம், அதோடு காய்ச்சல்
• வலிநிவாரணிக்கும் அடங்காத வலி
• விபத்தில் பல் உடைவது, ஆடுவது, விழுவது

வீக்கம் கழுத்துக்கு இறங்கி, மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமமாக இருக்கிறதா? பல் மருந்தகத்தைத் தேட வேண்டாம். உடனே 995ஐ அழையுங்கள். உயிருக்கே ஆபத்தாகலாம்.

பல் முழுசா விழுந்துட்டா?

வேரைத் தொடாமல், பல்லின் மேல்பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கு இருந்தால் சில விநாடி மட்டும் கழுவுங்கள், தேய்க்காதீர்கள். நிரந்தரப் பல் என்றால் அதே குழியில் பொருத்தலாம். முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஒரு மணிநேரத்துக்குள் சென்றால் பல்லைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். பால்பல்லை மீண்டும் பொருத்தக் கூடாது.

எவை காத்திருக்கலாம்?

வலியில்லாமல் பெயர்ந்த ஃபில்லிங், வழக்கமான பரிசோதனை ஆகியவை. பிரேசஸ் கம்பி கன்னத்தில் குத்தினால் அதற்கான மெழுகை வைத்துச் சமாளிக்கலாம்.

வீட்டில் மிச்சமிருக்கும் ஆண்டிபயாட்டிக் மாத்திரையைப் போட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது. பல்லுக்குள் இருக்கும் கிருமித்தொற்றை அகற்றாவிட்டால் வலி திரும்பி வரும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைப்பதும் தவறு. அது ஈறைப் புண்ணாக்கிவிடும்.

புறப்படும் முன் மருந்தகத்துக்கு ஃபோன் செய்யுங்கள். காய்ச்சல், இருமல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சைக்கு எங்கே, எப்போது வர வேண்டும் என்பதை அவர்கள் அதற்கேற்ப ஏற்பாடு செய்வார்கள்.