மூடியும் திறப்பும்

மருமகனுடைய புதுக் காரை இரவலாகப் பெற்று, ஒருநாட் காலை மருதனார்மடத்திலிருந்து புறப்பட்டேன். காங்கேசன்துறை வீதியிற் சுன்னாகத்தை அணுகியபோது, எரிபொருளின் அளவைக் காட்டும் முள் அடியிற் கிடந்தது. அருகிலிருந்த எரிபொருள் நிலையத்தினுள் நுழைந்தேன். அங்கு நின்ற இளைஞன் குழாயைக் கையிலெடுத்தான். நான் இறங்கித் திறப்பை நீட்டினேன். காரின் புறத்திலோ திறப்பு நுழையும் துவாரம் எங்குமில்லை. முப்பது ஆண்டுகளாக நன்னூற் சூத்திரங்களுக்குப் பொருள் சொல்பவன், ஒரு மூடியின் முன்னே விழித்து நின்றேன்.

"ஐயா, இதுக்குத் திறப்பு வேண்டாம். சீற்றுக்குக் கீழே ஒரு பிடி இருக்கும்; அதை இழுங்கோ."

இழுத்தேன், சிறு கதவு திறந்தது. அவன் மற்றொன்றும் கற்பித்தான். எரிபொருள் முள்ளின் அருகே சிறு அம்புக்குறி ஒன்றுண்டு; மூடி எப்பக்கமோ அப்பக்கத்தை அது காட்டும். அதன் வரலாற்றைப் பின்னர்த் தேடிப் படித்தேன். 1986 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் போர்ட் நிறுவனத்திற் பணியாற்றிய ஜிம் மொய்லன் என்பவர், தமக்குப் பழக்கமில்லாத காரைத் தவறான பக்கமாக நிறுத்தி, மழையில் நனைந்தபின் கண்ட உபாயம் அது. அவ்வாறு நனைந்தோர் பலர். இனிப் பிறர் நனையலாகாது என்று எண்ணியவர் அவர்.

மூடியைத் திருகியபோது மெல்லிய சீறல் கேட்டது. பெற்றோல் எளிதில் ஆவியாவது. வெயிலில் ஓடிவந்த காரின் தாங்கியுள் அவ்வாவி அடைபட்டு நெருக்கும். ஆதலின் மூடியை மெல்லத் திருகி, சீறல் அடங்கியபின்னரே கழற்றல் வேண்டும். அவ்வாவி காற்றினும் பாரமானது, நிலத்தோடு படர்வது. எஞ்சினை நிறுத்துவதும் நெருப்பை விலக்குவதும் இதுபற்றியே.

அச்சீறல் பழைய நினைவொன்றை எழுப்பியது. 1990 இற் போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆயினும், குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெய்க்கு இணங்காது. காபுரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டே அதனைக் கிளப்புவர்.

அந்நாட்களில் ஒரு நள்ளிரவு, எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை. கார் இருந்தது, கிளப்பப் பெற்றோல் இல்லை. அயலிலிருந்த முதியவரிடம் ஓடினேன். அவருடைய கார் நெடுநாளாகக் கொட்டிலில் நின்றது. மடியிலிருந்து திறப்பை எடுத்தார். தாங்கியின் மூடியைத் திறந்தார். றப்பர்க் குழாயை இட்டு அரைப்போத்தல் பெற்றோல் எடுத்துத் தந்தார். அவரிடம் இருந்ததே அவ்வளவுதான் என்பதை மறுநாள் அறிந்தேன். விலை கேட்கச் சென்றேன். "பிள்ளை சுகமோ?" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

2022 இல் நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்து தந்தார்கள். ஒரு மாலை, ஒருவர் என் வாயிலில் வந்து அரைப்போத்தல் பெற்றோல் கேட்டார். "இல்லை" என்றேன். என் மோட்டார் சைக்கிளின் தாங்கியில் இருந்தது. அன்றிரவு அதன் மூடியை இருமுறை சென்று சோதித்தேன். அவர் எதற்காகக் கேட்டார் என்பதை நான் விசாரிக்கவுமில்லை.

தமிழகத்தார் சாவி என்பர்; அது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். நாம் திறப்பு என்கிறோம். பூட்டுவதற்கும் அக்கருவியே உதவும். ஆயினும், திறத்தலாகிய தொழிலைக் கொண்டே அது பெயர் பெற்றது. தொழிலாகுபெயர் என்று மாணவர்க்கு அதன் இலக்கணத்தைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். பொருளை அறிந்தவர் அம்முதியவர்.

இளைஞன் குழாயை எடுத்தான். 'கிளிக்' என்று ஓசை கேட்கும்வரை மூடியைத் திருகினேன்.