வைரம் பாய்ந்த ஜாரா

ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் மட்டும் இயற்கையாக வளரும் யூகலிப்டஸ் மரம் ஜாரா. நீலகிரியில் தைலம் காய்ச்ச உதவும் மரத்துக்கு இது உறவுதான். ஆனால் தைலத்துக்கு அல்ல, கட்டைக்குத்தான் இதற்குப் பெயர். பெர்த் நகருக்குக் கிழக்கிலும் தெற்கிலும் நீளும் டார்லிங் மலைத்தொடரின் சத்தற்ற செம்புரைக்கல் நிலமே இதன் வீடு. நாற்று முதலில் மண்ணுக்கடியில் கிழங்குபோல ஒரு கட்டையைத் திரட்டிக்கொள்ளும். மேலே புதராகவே பல ஆண்டுகள் கிடந்து, வெளிச்சத்துக்கு இடம் கிடைத்த பிறகே விறுவிறுவென்று உயரும். முப்பது, நாற்பது மீட்டர் வளர்ந்து சில நூற்றாண்டுகள் நிற்கக்கூடியது.

அறுத்த கட்டையின் வைரப்பகுதி இளஞ்சிவப்பிலிருந்து அடர் சிவப்பு வரை இருக்கும். வெயிலும் காற்றும் பட்டால் பழுப்பேறும். காய்ந்த ஜாரா ஒரு கன அடி ஏறக்குறைய 23 கிலோ எடை. தேக்கு 18, 19 கிலோதான். கரையானும் பூஞ்சையும் எளிதில் அண்டா. மண்ணில் நட்ட கம்பம் 15 முதல் 25 ஆண்டு வரை தாங்கும் என்பது ஆஸ்திரேலியத் தர மதிப்பீடு. வெளிறுப்பகுதிக்கு இந்த உறுதி கிடையாது.

தச்சருக்கு இது சுலபமான மரமன்று. ரேகை முறுக்கி ஓடுவதால் இழைக்கும்போது சிம்பு பெயரும். உளியும் ரம்பமும் சீக்கிரம் மழுங்கும். துளை போடாமல் ஆணி அடித்தால் பிளக்கும். நடுநடுவே கரும்பிசின் ஓடிய கோடுகளும் உண்டு. பச்சையாக இருக்கும்போது அறுப்பது எளிது, ஆனால் காயும்போது நன்றாகச் சுருங்கும் என்பதால் நிழலில் அடுக்கி மெதுவாகக் காயவைக்க வேண்டும். இந்தப் பொறுமைக்குப் பலன், கண்ணாடிபோல ஏறும் மெருகு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வணிகர்கள் கண்டது அந்த அழகை அல்ல, உறுதியைத்தான். மேற்கு ஆஸ்திரேலியாவின் பஸ்ஸல்டன் ஊரில் 1865இல் முதல் பகுதி திறக்கப்பட்டு, படிப்படியாக 1.8 கிலோமீட்டருக்கு மேல் நீட்டப்பட்ட கடற்பாலம் ஜாராத் தூண்கள் மீது எழுந்தது. ரயில்பாதைச் சிலிப்பர் கட்டைகளாக இந்தியா உட்படப் பல நாடுகளுக்குக் கப்பலேறியது. லண்டன் தெருக்களில் செங்கல் அளவுக்குத் துண்டுபோட்டுப் பாவினார்கள். குதிரைக் குளம்பின் ஓசையை அது அடக்கியது, தேய்மானமும் குறைவு. தார்ச்சாலை வந்ததும் அந்தத் தேவை மறைந்தது. நூற்றாண்டுகள் நின்ற மரங்கள் இப்படிச் சக்கரத்துக்கும் குளம்புக்கும் அடியில் தேய்ந்து போனது பெரிய இழப்பு. வீட்டுத் தரை, மேசை, அலமாரி என்று அதன் நிறத்துக்கு மதிப்பு கிடைத்தபோது முதிர்ந்த காடு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஜாராக் கரியில் சாம்பலும் கலப்பும் குறைவு. அதனால் பன்பரி நகருக்கு அருகே சிலிக்கான் உருக்கும் ஆலைக்கும் அது பயன்பட்டது.

கோடரியோடு துன்பம் நிற்கவில்லை. செம்புரைக்கல்லில் அலுமினியத் தாதுவான பாக்சைட் இருப்பதால், 1960கள் முதல் சுரங்கத்துக்காகவும் காடு அழிக்கப்படுகிறது. வெளியிலிருந்து வந்த ஃபைட்டாப்தோரா என்னும் நுண்ணுயிர் வேரை அழுகவைத்து, நின்ற நிலையிலேயே மரத்தைக் காயவைக்கிறது. ஒட்டிய மண்ணோடு பரவுவது என்பதால், காட்டுக்குள் போவோர் காலணியையும் வண்டிச் சக்கரத்தையும் கழுவ வேண்டும். நோயை முற்றிலும் ஒழிக்க வழியில்லை. பரவாமல் தடுப்பது ஒன்றே செய்யக்கூடியது.

2024 தொடக்கத்தோடு மேற்கு ஆஸ்திரேலிய அரசு தன் இயற்கைக் காடுகளில் வணிக மரவெட்டை நிறுத்தியது. காடு பேணுவதற்காக மரங்களைக் குறைக்கும்போதும், அனுமதிபெற்ற சுரங்க நிலங்களிலும் வெட்டப்படுவது மட்டுமே அந்தக் காடுகளிலிருந்து இப்போது கிடைக்கிறது. அதனால் இடிக்கப்படும் கிடங்குகள், பழைய பாலங்கள், கழற்றிய சிலிப்பர்கள் ஆகியவற்றின் கட்டைக்கு நல்ல கிராக்கி. பல பத்தாண்டுகள் காய்ந்து நிலைபெற்ற மரம் என்பதால் அதில் சுருங்கும் தொல்லை குறைவு. உள்ளே புதைந்த ஆணிகளைத் தேடிப் பிடுங்கிய பிறகே அறுக்க முடியும்.