வணிகக் கணக்கு முறைமைகளை மேகக்கணிமைக்கு மாற்றுதல்

கடை, ஆலை போன்றவற்றின் கணக்கு, இருப்பு விவரங்களைச் சொந்தக் கணினியிலிருந்து இணையவழி வாடகைச் சேவையகங்களுக்கு நகர்த்துவது மேகக்கணிமை மாற்றம் எனப்படும். மேகம் என்பது பெயரளவில்தான். உத்திரமேரூர் அரிசி ஆலையின் கணக்கு சென்னையிலோ மும்பையிலோ ஒரு கட்டடத்தில் இருக்கும். கட்டடம் தீப்பிடிக்கவும் கூடும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்து அழிந்தது. காப்புநகலையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தனர்.

அவசரமும் ஆபத்தானது. மேகத்துக்கு அல்ல என்றாலும், பிரித்தானியாவின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் புதிய கணினி முறைமைக்கு மாறியது. பெருந்திரளான வாடிக்கையாளர்கள் தம் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தனர். நிலைமை சீராக டிசம்பர் ஆயிற்று. 2022இல் ஏறத்தாழ 4.9 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

ஆகவே சிறு வணிகர் பழைய ஆண்டுக் கணக்கை முதலில் மாற்றிப் பார்க்கலாம். நடப்புக் கணக்கை ஒரு மாதமாவது இரு இடத்திலும் பதிந்து, நாள்தோறும் இருப்பு ஒத்துவருகிறதா எனச் சரிபார்ப்பது நல்லது. காப்புநகல் வேறொரு ஊரில் இருக்க வேண்டும். அதிலிருந்து கணக்கை ஒருமுறை மீட்டெடுத்தும் பார்க்க வேண்டும். நிர்வாகிக் கடவுச்சொல் மென்பொருள் போட்டுத் தந்தவரிடம் மட்டுமே இருப்பது நம் பக்கத்தில் சாதாரணம். முதலில் அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்துக்கு வர முடியாது என்றது இவ்வூரின் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டு. இன்றைய ஜிஎஸ்டி சட்டமோ, ஆண்டறிக்கைக்கான கெடுநாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கேடுகளைப் பாதுகாக்கச் சொல்கிறது. இடையில் சேவையை விட்டு விலகினால் தரவை எந்த வடிவில், எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.