ஆறு பேர், ஒரு குளியலறை, ஒரு வைஃபை

வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பேட்டையில் பெண் தொழிலாளர்களுக்கான பெரிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டபோது, 18,720 பேர், 706 கோடி ரூபாய் என்ற எண்கள்தான் தலைப்பில் வந்தன. என் கண்ணில் பட்டது அறைக்கு ஆறு பேர் என்பது. ஆளுக்கொரு கைபேசி. ஷிப்ட் முடிந்து வந்தால் ஆறிலும் சீரியலோ சினிமாவோ ஓடும். சுற்றியுள்ள ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தனியார் விடுதிகளும் ஏராளம். விடுதிக்காரர்கள் வழக்கமாகச் செய்வது, ஐந்து கொம்பு முளைத்த ரூட்டர் ஒன்றை வாங்கி மாடிப்படி ஓரம் மாட்டுவது. பெட்டியில் ‘1200 எம்பிபிஎஸ்’ என்றிருக்கும். அது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளின் உச்சவேகத்தைக் கூட்டிப் போட்ட எண். எந்தக் கைபேசிக்கும் கிடைக்காது.

கைபேசித் திரையில் 480பி படத்துக்கு ஒன்றிரண்டு எம்பிபிஎஸ் போதும். சில நொடித் துண்டுகளாக முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வதால் சிறு தடங்கலையும் அது தாங்கும். பிறகு ஏன் படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது?

வைஃபையில் ஒரு சேனலில், அதாவது அலைவரிசையின் ஒரு துண்டில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். ஆறு பேருக்கு ஒரே குளியலறை என்று வையுங்கள். வரிசையும் கிடையாது, வார்டனும் கிடையாது. உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சத்தம் நின்றதும் ஓடக்கூடாது. ஒவ்வொருத்தியும் 0 முதல் 15 வரை ஓர் எண்ணை மனசில் போட்டுக் கீழ்நோக்கி எண்ண வேண்டும். பூஜ்யம் வந்தவள் உள்ளே போவாள். மற்றவர்கள் எண்ணுவதை நிறுத்திவிட்டு, அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். இருவருக்கு ஒரே நேரத்தில் பூஜ்யம் வந்தால் வாசலில் முட்டிக்கொண்டு, குளிக்காமலே திரும்பி, இப்போது 31க்குள் ஓர் எண். மறுபடி முட்டினால் 63க்குள். ஓர் எண்ணுக்கு 9 மைக்ரோ நொடி. மேய்க்க ஆளில்லாமல் இத்தனை கருவிகள் காற்றைப் பங்கு போட்டுக்கொள்வது இந்தக் குலுக்கலால்தான். வைஃபையில் எனக்கு மிகப் பிடித்த சங்கதி இது.

கோளாறும் இதிலேயே இருக்கிறது. சமமாகக் கிடைப்பது முறைதான், நேரம் அல்ல. முகம் கழுவுகிறவளுக்கும் ஒரு முறை, எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளிக்கிறவளுக்கும் ஒரு முறை. ரூட்டருக்குப் பக்கத்தில் 54 எம்பிபிஎஸ் வேகத்தில் பேசும் கைபேசிக்கு 1,500 பைட் பொட்டலம் கால் மில்லி நொடிகூட ஆகாது. மூன்று சுவர் தள்ளி 1 எம்பிபிஎஸ்ஸில் திணறும் கைபேசிக்கு அதே பொட்டலம் 12 மில்லி நொடி. ஒருத்தியின் எண்ணெய்க் குளியல் எல்லோரையும் தன் வேகத்துக்கு இழுத்துவிடும். கிரெனோபிள் ஆய்வாளர்கள் 2003இலேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். மேல்மாடிக் குளியலறைச் சத்தம் கேட்டாலும் கீழே உள்ளவள் காத்திருப்பாள், இரண்டு ரூட்டர்களும் ஒரே சேனலில் இருந்தால். இன்னும் வேடிக்கை, ரூட்டரும் வாசலில் நிற்கும் ஒருத்திதான். அத்தனை பேரின் சினிமாவையும் சுமந்துகொண்டு நின்றாலும் குலுக்கலில் அதற்குப் பெரிய சலுகை இல்லை.

இந்தக் குலுக்கலின் வரலாறு வேண்டுமென்றால், 1971இல் ஹவாயில் நார்மன் ஆப்ராம்சன் குழு ‘அலோகா’ என்ற வானொலி வலையை ஓட்டியது. அதில் காது கொடுத்துக் கேட்பதே இல்லை, முட்டினால் மறுபடி அனுப்புவதுதான். அதனால் நேரத்தில் 18 சதவீதத்துக்கு மேல் பயன்படவில்லை.

‘வைஃபை 6 வாங்குங்கள்’ என்பார்கள். அது சேனலையே சிறு துண்டுகளாக்கி ஒரே நேரத்தில் பலருக்குத் தரும். நல்ல யோசனைதான். ஆனால் கைபேசியும் வைஃபை 6 ஆக இருக்க வேண்டும், மலிவுக் கைபேசிகள் பலவற்றில் அது இல்லை. ரிப்பீட்டர் அதைவிட மோசம். கேட்டதையெல்லாம் அதே சேனலில் இன்னொரு முறை சொல்வதால் காற்று நேரம் இரண்டு பங்கு செலவாகும்.

விடுதி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொம்பு ரூட்டருக்குக் கொடுக்கும் காசில் மாடிக்கு மாடி கேபிள் இழுங்கள். சில அறைகளுக்கு ஒன்றாகச் சிறு வைஃபை பெட்டிகளைக் குறைந்த சக்தியில், 5 கிகாஹெர்ட்ஸில், பக்கத்துப் பெட்டியோடு மோதாத சேனலில் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸையும் விட்டுவைத்தால், அதில் 1, 2 எம்பிபிஎஸ் வேகங்களை அமைப்பில் அணைத்துவிடுங்கள். அங்கே ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான்.