அரசு மானியம் உடல்நலமாக மாறுவது எப்படி?

செட்டிநாட்டில் ஊருணி இல்லாத ஊரைக் காண்பது அரிது. கூரையில் விழும் மழைநீரும் தெருவில் ஓடும் மழைநீரும் வாய்க்கால் வழியே ஊருணியில் சென்று சேருமாறு, நிலத்தின் சாய்வைப் பார்த்து ஊரை அமைத்தார்கள். குடிக்கும் ஊருணி வேறு, குளிக்கும் ஊருணி வேறு என்று பல ஊர்களில் பிரித்தும் வைத்தார்கள். நுண்ணோக்கியைக் கண்ணால் பார்த்திராதவர்களும் இந்தக் கட்டுப்பாட்டை மதித்து நடந்தார்கள். இதுவும் பொதுச் சுகாதாரந்தான். அதன் செலவையும் காவலையும் ஊரே ஏற்றுக்கொண்டது.

இன்று அதே ஊர்களில் துணை சுகாதார நிலையம் இருக்கிறது. அதற்கு மேல் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. இவற்றின் செலவில் ஒரு பகுதி, அரசு மானியம் என்ற பெயரில் தில்லியிலிருந்து வருகிறது. காரைக்குடியை அடுத்த சாக்கோட்டை ஒன்றியத்தில் உள்ள ஒரு சிற்றூருக்குத் தில்லி ஏன் பணம் தரவேண்டும்? அந்தப் பணம் எவ்வாறு உடல்நலமாக மாறுகிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை காண்போம்.

இணைந்த பாத்திரங்கள்

அடியில் ஒரு குழாயால் இணைக்கப்பட்ட இரண்டு பாத்திரங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நீர்மட்டத்தை மட்டும் தனியாகக் குறைக்க முடியுமா? முடியாது. மற்றதிலிருந்து நீர் வந்துகொண்டே இருக்கும். ஊர்களும் அப்படித்தான். காரைக்குடி தன் சாக்கடைகளைத் தூய்மையாக்கி, குடிநீரில் குளோரின் கலந்து, குழந்தைகளுக்கெல்லாம் தடுப்பூசி போட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து ஊர்களில் இவற்றுள் எதுவும் நடக்கவில்லை. தேவகோட்டையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் நாள் முழுவதும் பேருந்துகள் வருகின்றன. கிருமி பயணச்சீட்டு வாங்குவதில்லை. நகர எல்லையில் இறங்கிக்கொள்வதுமில்லை.

ஆகவே, ஓர் ஊர் தன் சுகாதாரத்துக்குச் செலவிட்டால் அதன் பயன் பக்கத்து ஊர்களுக்கும் போகிறது. செலவிடாமல் இருந்தால் அதன் தீங்கும் அவ்வாறே பரவுகிறது. நோய் மிகுதியாக உள்ள ஊரே பெரும்பாலும் வரி வருவாய் குறைந்த ஊராகவும் இருக்கும். தேவை ஓரிடத்தில், பணம் வேறோரிடத்தில்! இந்த இடைவெளியை நிரப்புவதே மானியத்தின் வேலை.

அதிகாரம் ஓரிடம், பணம் ஓரிடம்

நம் அரசியலமைப்பின் 7-ஆம் அட்டவணைப்படி பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன. நம் மாநிலம் இதில் முன்னோடி. சென்னை மாகாணத்தில் 1939-ஆம் ஆண்டிலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. குப்பை அள்ளுதல், குடிநீர் வழங்குதல், கொசு ஒழித்தல் ஆகிய அன்றாட வேலைகளைச் செய்வன ஊராட்சியும் நகராட்சியும் மாநகராட்சியுமே. ஆனால், பெரிய வரிகள் பலவற்றைத் திரட்டுவது மத்திய அரசு.

இந்த வருவாயை எப்படிப் பங்கிடுவது என்று பரிந்துரைப்பதற்காக, அரசியலமைப்பின் 280-ஆவது பிரிவின்படி, ஐந்தாண்டுக்கு ஒருமுறையோ அதற்கு முன்போ நிதிக்குழு அமைக்கப்படுகிறது. 15-ஆவது நிதிக்குழு, 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு, உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கென்றே 70,051 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. சொந்தக் கட்டடம் இல்லாத சுகாதார நிலையங்களுக்குக் கட்டடம், நோயைக் கண்டறியும் ஆய்வுக் கருவிகள், வட்டார பொது சுகாதார அலகுகள், நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் ஆகியவை அதில் அடங்கும்.

70,051 கோடி என்றதும் மலைப்பாக இருக்கிறதல்லவா? ஒரு வகுத்தல் கணக்குப் போடுங்கள். நாட்டு மக்கள் ஏறத்தாழ 140 கோடி பேர். ஆளுக்குச் சுமார் 500 ரூபாய் வருகிறது. அதுவும் ஐந்தாண்டுகளுக்கு! ஆண்டுக்கு 100 ரூபாய். நாளொன்றுக்கு 27 காசு. இந்த மானியம் எல்லாவற்றையும் செய்துவிடாது என்பது இப்போது புரிந்திருக்கும். மாநிலத்தின் பணமும் ஊரின் பணமும் இதனுடன் சேர்ந்தே ஆகவேண்டும்.

2005-இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம் மற்றொரு வழி. பின்னர் நகரங்களையும் சேர்த்து இது தேசிய சுகாதார இயக்கம் ஆயிற்று. 2015-16 முதல் தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் இதன் செலவு 60:40 என்று பங்கிடப்படுகிறது. நூறு ரூபாய்ச் செலவில் 60 ரூபாய் மத்திய அரசுடையது. 40 ரூபாய் மாநில அரசுடையது.

மருந்தில்லாத நோயை விரட்டிய கதை

மானியத்தால் உண்மையில் நோய் ஒழியுமா? ஒழிந்திருக்கிறது. நரம்புச் சிலந்தி என்ற நோயை உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், சிலருக்கு நினைவிருக்கலாம். பெயரில்தான் சிலந்தி, உண்மையில் அது ஒரு புழு. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் வளரும். காலில் கொப்புளம் உண்டாக்கி, தோலைத் துளைத்துக்கொண்டு சிறிது சிறிதாக வெளிவரும். அது முழுவதும் வெளியே வரும்வரை நோயாளி வாரக்கணக்கில் துடிப்பார்.

எரிச்சல் தாளாமல் அவர் படிக்கிணற்றிலோ குளத்திலோ காலை நனைப்பார். உடனே புழு தன் நுண்குஞ்சுகளை நீரில் விட்டுவிடும். சைக்ளாப்ஸ் என்னும் மிகச் சிறிய நீருயிரி அவற்றை விழுங்கும். அந்நீரைக் குடிப்பவர் உடலில் புழு வளர்ந்து, ஓராண்டு கழித்து அவர் காலில் தலை காட்டும்.

இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. புழுவைக் கொல்லும் மருந்தும் இல்லை. ஆனால், சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்தால் போதுமல்லவா? சைக்ளாப்ஸ் சுமார் 1 மில்லிமீட்டர் அளவுள்ளது. நெருக்கமாக நெய்த துணியால் நீரை வடிகட்டினால் அது துணியிலேயே தங்கிவிடும். மக்கள் இறங்கி நீர் மொள்ளும் படிக்கிணற்றை, மேலிருந்து இறைக்கும் கிணறாக மாற்றினால் நோயாளியின் கால் நீரில் படாது. கைப்பம்பு போட்டால் இன்னும் நல்லது. சைக்ளாப்சைக் கொல்லும் மருந்தை அளவாக நீரில் இடலாம்.

இவை எல்லாம் எளிய வேலைகளே. ஆனால், ஆயிரக்கணக்கான ஊர்களில் ஒரே காலத்தில் நடக்கவேண்டும். அதற்காக 1983-84-இல் நரம்புச் சிலந்தி ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. மத்திய அரசும் மாநில அரசுகளும் செலவைப் பாதிப் பாதியாக ஏற்றன. 1984-இல் நாட்டில் ஏறத்தாழ 40,000 நோயாளிகள் இருந்தார்கள். நோய் கண்ட 7 மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. 1980-களிலேயே நம் மாநிலம் விடுபட்டுவிட்டது. நாட்டின் கடைசி நோயாளி 1996-இல் இராஜஸ்தானில் காணப்பட்டார். 2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், இந்தியா இந்நோயிலிருந்து விடுபட்டதென்று சான்று வழங்கியது.

பணம் தில்லியிலிருந்தும் மாநிலத் தலைநகரங்களிலிருந்தும் வந்தது. ஆனால், வீடு வீடாகச் சென்று நோயாளியைத் தேடியவரும், துணியால் வடிகட்டக் கற்றுக்கொடுத்தவரும் உள்ளூர்ப் பணியாளரே. இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் புழு இன்னும் இருந்திருக்கும்.

பனிக்கட்டியாக வரும் மானியம்

மானியம் எப்போதும் பணமாகவே வருவதில்லை, பொருளாகவும் வரும். குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி மருந்துகள் அவ்வாறு வருபவை. அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் 1985-இல் தொடங்கியது. இம்மருந்துகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் 2 டிகிரி முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் வைத்திருக்கவேண்டும். போலியோ சொட்டு மருந்து வெப்பத்தால் கெடும். சில ஊசி மருந்துகள் உறைந்தாலும் கெடும். சித்திரை வெயிலில் மின்சாரம் நின்றுவிட்டால் என்ன செய்வது?

இதற்கென்றே ஒரு குளிர்ப்பெட்டி உண்டு. அதன் உட்சுவரைச் சுற்றிலும் நீர் அடைத்த குழாய்களோ பைகளோ இருக்கும். மின்சாரம் உள்ளபோது அந்நீர் உறைந்து பனிக்கட்டியாகும். மின்சாரம் நின்றதும் பனிக்கட்டி உருகத் தொடங்கும். 1 கிலோகிராம் பனிக்கட்டி உருகுவதற்கு 3,34,000 ஜூல் வெப்பம் தேவை. இதுவே நீங்கள் வகுப்பில் படிக்கும் உருகுதலின் உள்ளுறை வெப்பம். பெட்டிக்குள் 10 கிலோகிராம் பனிக்கட்டி இருப்பதாகவும், வெளியிலிருந்து 40 வாட் வீதம் வெப்பம் நுழைவதாகவும் கணக்குக்காகக் கொள்வோம். 33,40,000-ஐ 40-ஆல் வகுத்தால் 83,500 வினாடி. அதாவது சுமார் 23 மணி நேரம்! அதுவரை வெப்பமெல்லாம் பனிக்கட்டியை உருக்குவதிலேயே செலவாகும். மருந்து குளிர்ச்சியாகவே இருக்கும்.

பெட்டியின் கதவு பக்கத்தில் இல்லாமல் மேலே இருப்பது ஏன் என்று சொல்ல முடியுமா? குளிர்ந்த காற்று கனமானது. பக்கக் கதவைத் திறந்தால் அது வெளியே வழிந்துவிடும். மேல் மூடியைத் திறந்தால் உள்ளேயே தங்கும்.

இவ்வளவு நல்ல பெட்டியும் மின்கம்பி அறுந்து பத்து நாள் கிடந்தால் வெறும் பெட்டிதான். அதைப் பழுதுபார்க்கவும் பணம் ஒதுக்கவேண்டும். காலையும் மாலையும் வெப்பநிலையைக் குறித்துவைக்க ஆளும் வேண்டும். கருவி வாங்கப் பணம் கொடுத்துப் பராமரிப்பை மறந்த மானியம் பாதி மானியமே.

சின்னத் தொகை, பெரிய வேலை

தேசிய ஊரக சுகாதார இயக்கத்தில் ஓர் அருமையான ஏற்பாடு செய்யப்பட்டது. ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்துக்கும் ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்று அப்போது ஒதுக்கப்பட்டது. இன்ன வேலைக்கென்று மேலிருந்து கட்டளை இல்லை. வங்கிக் கணக்கு செவிலியர், ஊராட்சித் தலைவர் இருவர் பெயரிலும் இருந்தது. உள்ளூர்த் தேவையை உள்ளூரார்தாமே அறிவார்கள்!

சிறு தொகையால் என்ன ஆகும் என்று எண்ணவேண்டாம். 30,000 லிட்டர் கொள்ளும் மேல்நிலைத் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் கலக்க 30 கிராம் குளோரின் தேவை. நல்ல பிளீச்சிங் பவுடரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே பயன்படும் குளோரின். ஆகவே சுமார் 90 கிராம் பவுடர் வேண்டும். சில ரூபாயில் ஓர் ஊரின் ஒருநாள் குடிநீர் காக்கப்படுகிறது. குழாயில் வரும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்கவேண்டும். குளோரோஸ்கோப் என்னும் சிறு கருவியில் நீரை ஊற்றி ஒரு கரைசலைச் சேர்த்தால் மஞ்சள் நிறம் தோன்றும். நிறம் தோன்றாவிட்டால், பணம் வந்திருக்கலாம், பவுடரும் வந்திருக்கலாம், குளோரின் மட்டும் குழாய்க்கு வரவில்லை!

கண்ணுக்குத் தெரியாத வெற்றி

மானியத்தைச் செலவிட்ட அலுவலகம் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பவேண்டும். அதைப் பார்த்தே அடுத்த தவணை வரும். கணக்குக் கேட்பது நியாயமே. ஆனால், போதிய எழுத்தர் இல்லாத சிறிய அலுவலகத்தில் சான்றிதழ் தாமதமாகும். அதனால் பணமும் தாமதமாகும். மிகவும் தேவைப்படும் ஊரே இவ்வாறு பின்தங்கிவிடக்கூடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மருத்துவமனையில் பிழைத்தவரை எல்லோரும் பார்க்கிறார்கள். வராமல் தடுக்கப்பட்ட காலராவை யார் பார்த்தார்கள்? பொதுச் சுகாதாரம் நன்றாக நடக்கும்போது எதுவுமே நடக்காததுபோல் தோன்றும். 'நோய்தான் இல்லையே, பணம் எதற்கு?' என்று கேட்பவர் எழுவர். பனிக்கட்டி உருகிக்கொண்டிருக்கும்போது பெட்டியின் குளிர் மாறுவதில்லை. முழுவதும் உருகி முடிந்த பிறகே வெப்பநிலை ஏறத் தொடங்கும். சுகாதாரப் பணத்தை நிறுத்தினாலும் முதலில் ஒன்றும் தெரியாது. தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

ஆகவே, கண்ணுக்குத் தெரியாததை அளந்து பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும். மே 1, ஆகஸ்ட் 15 முதலிய நாள்களில் நடக்கும் கிராமசபைக்குப் பெற்றோருடன் சென்று பாருங்கள். இவ்வாண்டு நம் ஊருக்குச் சுகாதார மானியம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவாயிற்று, குளோரின் அளவு கடைசியாக எப்போது பார்க்கப்பட்டது என்று அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். அறிவியல் ஆசிரியரின் துணையுடன் பள்ளிக் குழாய் நீரை வாரம் ஒருமுறை சோதித்து, அளவைத் தேதியுடன் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ஊருணியை ஊர் காத்ததுபோல, ஊருக்கு வரும் மானியத்தையும் ஊர்தான் காக்கவேண்டும்.