கவாத்து வெட்டிய செடியைப் பிடுங்கலாமா?

(உதகையில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘விளையாட்டுப் பயிற்சியாளரை எடைபோட வேண்டியது வாங்கிய கோப்பையாலா? வளர்த்த பிள்ளைகளாலா?’ ‘வளர்த்த பிள்ளைகளாலே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்புச் சகோதரர்களே, சால்வைக்குள்ளே இருந்து கையை வெளியே எடுத்துக் கைதட்டுகிற நீலகிரிப் பெருமக்களே! (சிரிப்பு) இந்தக் குளிரில் கையை வெளியே எடுப்பதே பெரிய தியாகம்னு எனக்குத் தெரியும்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி ரொம்பச் சூடாகப் பேசினார். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுப்பது எதுக்கு? ஜெயிக்கிறதுக்கு. ஜெயிக்கலையா, வீட்டுக்குப் போகட்டும். கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா ஐயா, தம்பி ஒண்ணை மட்டும் சாமர்த்தியமா விட்டுட்டார். நம்ம நாட்டில் ஜெயித்த பயிற்சியாளரையும் வீட்டுக்கு அனுப்பியிருக்கோமே, அதுக்கு என்ன பதில்?

டபிள்யூ.வி. ராமன். நம்ம தமிழ்நாட்டுக்காரர். இந்தியாவுக்காக 11 டெஸ்ட் ஆடியவர். 1992-ல் தென்னாப்பிரிக்க மண்ணில் ஒருநாள் போட்டியில் சதம் அடித்த முதல் இந்தியர். 2018 டிசம்பரில் அவரை இந்தியப் பெண்கள் கிரிக்கெட் அணிக்குப் பயிற்சியாளராகப் போட்டாங்க. எப்படிப்பட்ட நேரம் தெரியுமா? அப்போதைய பயிற்சியாளர் ரமேஷ் பொவாருக்கும் மித்தாலி ராஜுக்கும் நடந்த தகராறு ஊர் முழுக்க நாறிக்கொண்டிருந்த நேரம். கல்யாண வீட்டில் சண்டை நடக்கும்போது சமையல்காரரை மாத்தினா, புதுசா வர்றவர் பாடு எப்படி இருக்கும்? அப்படித்தான் போனார்.

ஒரு வருஷம் கொஞ்சம் ஆச்சு. 2020 டி-20 உலகக் கோப்பை. குழு ஆட்டம் நாலு, நாலிலும் இந்தியா வெற்றி. முதல் ஆட்டத்திலேயே ஆஸ்திரேலியாவை அவங்க ஊர் சிட்னியிலேயே தோற்கடிச்சாங்க. அரையிறுதி மழையில் போச்சு, குழுவில் முதலிடம் என்பதால் இறுதிப் போட்டிக்கு வந்தாச்சு. மார்ச் 8, மகளிர் தினம், மெல்பர்ன் மைதானம், பார்க்க வந்தவங்க 86,174 பேர். அன்னைக்கு 85 ரன்னில் தோத்தோம். தோல்விதான், நான் மறுக்கலை. ஆனா டி-20 உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கு நம்ம பெண்கள் போனது அதுதான் முதல் தடவை.

அதுக்கப்புறம் கொரோனா. ஒரு வருஷம் அந்தப் பிள்ளைங்களுக்கு ஒரு சர்வதேச ஆட்டம்கூட இல்லை. 2021 மார்ச்சில் லக்னோவில் தென்னாப்பிரிக்காவோட ஆடினாங்க. அவங்க ஜனவரியிலேயே பாகிஸ்தானோட ஆடிக் கை பழகி வந்தவங்க. நம்மவங்க ஒரு வருஷமா அடுப்பே பத்த வைக்காத வீட்டில் திடீர்னு விருந்து வைக்கிற மாதிரி. ஒருநாள் தொடர் 4-1, டி-20 தொடர் 2-1, ரெண்டும் போச்சு. மே மாசம் ராமன் இல்லை. யார் வந்தார்? யாரை அனுப்பிட்டு ராமனைக் கொண்டு வந்தாங்களோ, அதே பொவார்! (சிரிப்பு, கைதட்டல்)

பொவாரைக் குறை சொல்ல நான் வரலை. அவரையும் ஒன்றரை வருஷத்தில் 2022 டிசம்பரில் மாத்தினாங்க. அதுக்கு முன்னாடி துஷார் அரோத்தே. 2017-ல் லார்ட்ஸ் மைதானத்தில் உலகக் கோப்பை இறுதி, ஒன்பது ரன்னில் தோத்தோமே, அந்த அணியின் பயிற்சியாளர். ஒரு வருஷம் முடியறதுக்குள்ளே அவரும் வெளியே. இறுதிப் போட்டி வரை கூட்டிப் போன ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும் நாற்காலி இல்லை. தம்பி சொன்ன கணக்குப்படி பார்த்தாலும் இது என்ன கணக்கு?

இப்ப எதிர் வீட்டைப் பாருங்க. ஆஸ்திரேலியா. 2015-ல் மேத்யூ மாட் என்பவரைப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராப் போட்டாங்க. 2016-ல் டி-20 உலகக் கோப்பை இறுதியில் கொல்கத்தாவில் வெஸ்ட் இண்டீஸிடம் தோல்வி. 2017-ல் அரையிறுதியில் நம்மகிட்டயே தோல்வி. ஹர்மன்பிரீத் 171 ரன் அடிச்சாங்களே, அந்த ஆட்டம்தான். ரெண்டு வருஷத்தில் ரெண்டு உலகக் கோப்பை கையை விட்டுப் போச்சு. நம்ம ஊரா இருந்தா அவர் விமானத்தை விட்டு இறங்கும்போதே கையில் கடிதம் இருக்கும். அவங்க என்ன பண்ணினாங்க? வச்சுக்கிட்டாங்க. 2018 டி-20 கோப்பை, 2020 டி-20 கோப்பை, 2022 ஒருநாள் கோப்பை, மூணும் அவங்களுக்கு. அந்த மெல்பர்ன் இறுதியில் ராமனோட பிள்ளைகளைத் தோற்கடிச்சது யாரு? ரெண்டு தோல்விக்கு அப்புறமும் வேலையில் இருந்த மாட்.

அந்த 171 ரன் ஆட்டத்தில் ஜெயிச்ச பயிற்சியாளர் அடுத்த வருஷம் வீட்டில் இருந்தார். தோத்த பயிற்சியாளர் அடுத்த வருஷம் உலகக் கோப்பையோடு நின்னார். இதைவிட வேற சாட்சி வேணுமா ஐயா? (கைதட்டல்)

ஏன் அப்படின்னு இந்த மலைக்காரங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனா தொலைக்காட்சியில் பார்க்கிற சமவெளிக்காரங்களுக்காகச் சொல்றேன். தேயிலை மரம் அப்படியே விட்டா மரமாத்தான் வளரும், இடுப்பு உயரத்தில் நிறுத்திக் கொழுந்து எடுக்கணும்னா நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை கவாத்து வெட்டணும். வெட்டின தோட்டத்தைப் பார்த்திருக்கீங்களா? இலையே இருக்காது. குச்சி குச்சியா, நெருப்பு பிடிச்ச காடு மாதிரி நிக்கும். சில மாசத்துக்குப் பச்சைத் தேயிலை ஒரு கிலோ கிடைக்காது. அந்த நேரத்தில் வெளியூர் மாப்பிள்ளை ஒருத்தர் வந்து, “மாமா, செடியெல்லாம் செத்துப்போச்சு, பிடுங்கிட்டு வேற போடுங்க”ன்னு சொன்னா மாமா என்ன செய்வார்? மாப்பிள்ளையைத்தான் பஸ் ஏத்தி விடுவார். (பலத்த சிரிப்பு)

பயிற்சியாளர் வேலையும் அதேதான். மூத்த ஆட்டக்காரங்க விலகுவாங்க, புதுப் பிள்ளைங்க வருவாங்க. வந்த புதுசில் தப்புப் பண்ணுவாங்க. பேட்டைப் பிடிக்கிற பிடியை மாத்தினா முதல் ஆறு மாசம் முன்னைவிட மோசமாத்தான் ஆடுவாங்க. வெளியே இருந்து பார்த்தா தோல்வி. உள்ளே துளிர் ஓடிக்கிட்டிருக்கும். கவாத்தா, பட்டுப்போனதான்னு தெரிஞ்சுக்கணும்னா ஸ்கோர் போர்டைப் பார்த்தா போதாது, செடிகிட்டப் போய்க் கிள்ளிப் பார்க்கணும்.

சரி, ராமன் காலத்துத் துளிர் என்ன ஆச்சு? 2019 செப்டம்பரில் பதினஞ்சு வயசுப் பொண்ணு ஒருத்தி இந்திய அணிக்கு வந்தா. ஷெஃபாலி வர்மா. 2020 பிப்ரவரியில் பதினாறு வயசில் ரிச்சா கோஷ். எடுத்தது தேர்வுக்குழு, வாஸ்தவம். ஆனா அந்த வயசுப் பிள்ளைகளை உலகக் கோப்பையில் பயப்படாம ஆட வச்ச ஓய்வறை யாருடையது? 2025 நவம்பர் 2, நவி மும்பை. தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் ஜெயிச்சு நம்ம பெண்கள் முதல் தடவையா உலகக் கோப்பையைத் தூக்கினாங்களே, அந்த இறுதியில் 87 ரன்னும் எடுத்து ரெண்டு விக்கெட்டும் எடுத்தது அதே ஷெஃபாலிதான். நட்டவர் ஒருத்தர், பறிச்சவர் ஒருத்தர்.

பறிச்சவர் கதையும் கேளுங்க. அமோல் மஜும்தார். முதல்தரக் கிரிக்கெட்டில் பதினோராயிரம் ரன்னுக்கு மேல் அடிச்சும் இந்தியாவுக்காக ஒரு ஆட்டம் ஆடக் கொடுத்து வைக்காத மனுஷன். 2023 அக்டோபரில் பயிற்சியாளரா வந்தார். 2024 டி-20 உலகக் கோப்பையில் அணி குழு ஆட்டத்தோட வெளியே. பழைய வழக்கப்படி கதை அங்கே முடிஞ்சிருக்கணும். முடியலை. 2025 உலகக் கோப்பை நடுவிலேயே தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்துன்னு வரிசையா மூணு தோல்வி. திட்டினது கொஞ்சமா? நம்ம வீட்டு ஹாலிலேயே எத்தனை பயிற்சியாளர்கள் எழுந்து நின்னாங்க! (சிரிப்பு) ஆனா நாற்காலியை யாரும் இழுக்கலை. அரையிறுதியில் ஆஸ்திரேலியாவோட 339 ரன்னைத் துரத்திப் பிடிச்சாங்க. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

எதிரணி ஹாக்கியைச் சொன்னாங்க, அதையும் தொட்டுடறேன். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டு. 32 வருஷத்துக்கு அப்புறம் தங்கம். பயிற்சியாளர் எம்.கே. கௌஷிக். திரும்பி வந்த கொஞ்ச நாளில் அவரும் இல்லை, தன்ராஜ் பிள்ளை உட்படப் பல ஆட்டக்காரர்களும் அணியில் இல்லை. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஏழாவது இடம். இந்த உதாரணம் எந்தப் பக்கத்துக்கு உதவும்னு நடுவர் பார்த்துக்கட்டும்.

ஆதரவுன்னா கண்ணை மூடிக்கிட்டு ஆதரவு இல்லைங்க. பிள்ளைகளைக் கேவலமாப் பேசுறவர், கை நீட்டுறவர், பொம்பளைப் பிள்ளைங்க தனியா இருக்க பயப்படுறவர், அவர் நூறு கோப்பை வாங்கினாலும் அன்னைக்கே போகணும். வளர்த்த பிள்ளைகளை வச்சு எடைபோடச் சொல்ற எங்க அணிதான் அதைச் சொல்ல முடியும். கோப்பையை வச்சு எடைபோட்டா அவர் தப்பிச்சுடுவார். எதிரணி இதையும் கொஞ்சம் யோசிக்கணும்.

கடைசியா, இந்த மலைக்கு வர்றேன். குன்னூர் பக்கமோ கோத்தகிரி பக்கமோ ஒரு எஸ்டேட் லைன் வீடு. அம்மா கொழுந்து பறிக்கக் காலையிலேயே போயிடுவாங்க. பொண்ணு பள்ளிக்கூடத்தில் நல்லா ஓடுது, நல்லாப் பந்தாடுது. கோயம்புத்தூரில் போட்டின்னா மலை இறங்கிப் போகணும், ராத்திரி தங்கணும். எந்த நம்பிக்கையில் அந்த அம்மா அனுப்புறாங்க? கோப்பையைப் பார்த்தா? “அந்த டீச்சர் கூடப் போறா, பயமில்லை” அப்படீங்கிற ஒரு வார்த்தையில். அந்த வார்த்தை சம்பாதிக்க நாலஞ்சு வருஷம் ஆகும். ஒரு மண்டலப் போட்டியில் தோத்ததுக்காக அந்த டீச்சரை மாத்திப் பாருங்க. அடுத்த தடவை “புது ஆளு, வேண்டாம்மா, வீட்டிலேயே இரு” அப்படின்னு சொல்லுவாங்க. அந்தப் பொண்ணு தோக்கக்கூட இல்லை ஐயா, போட்டிக்கே வராது.

மணி அடிச்சுட்டாங்க. (நீண்ட கைதட்டல்)